சிக்கன் ஷவர்மாவின் சத்துக் கணக்கை நீங்களே போடுவது எப்படி

ஒரு சிக்கன் ஷவர்மாவில் எத்தனை கலோரி என்று போனில் தேடிப் பாருங்கள். ஒரு இடத்தில் 350 என்று இருக்கும், இன்னொரு இடத்தில் 900 என்று இருக்கும். இரண்டுமே சரியாக இருக்கலாம், ஏனென்றால் ஷவர்மா என்பது இட்லி மாதிரி ஒரே அச்சில் வார்க்கிற பொருள் இல்லை. ரொட்டியின் அளவு, கறியில் தோல் கலந்திருக்கிறதா, எத்தனை கரண்டி மயோனைஸ், உள்ளே உருளைக்கிழங்கு வறுவல் போட்டார்களா, இதெல்லாம் கடைக்குக் கடை, மாஸ்டருக்கு மாஸ்டர் மாறும். அதனால் யாரோ போட்ட மொத்தக் கணக்கை நம்புவதை விட, நீங்கள் சாப்பிடுகிற கடையின் ரோலை நீங்களே பிரித்துக் கணக்குப் போடக் கற்றுக்கொள்வது நல்லது. பத்து நிமிட வேலை, ஒரு தடவை செய்தால் போதும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷவர்மா கெட்ட சாப்பாடு என்று சொல்ல நான் வரவில்லை. அதில் இருக்கும் கோழி அருமையான புரதம். எடை ஏறுகிறது என்று பயந்து ஷவர்மாவையே விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் கோழியைச் சந்தேகப்படுகிறார்கள், ஆனால் கலோரியை ஏற்றுவது ரொட்டியின் மேல் வெள்ளையாகத் தடவுகிற அந்த மயோனைஸ்தான். கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

பிரித்து எடை போடுங்கள்

வீட்டில் கிச்சன் தராசு இருந்தால் ஒரு ரோலைப் பார்சல் வாங்கி வாருங்கள். பேப்பரைப் பிரித்து முதலில் முழு ரோலையும் எடை போடுங்கள். நம் ஊர் ரோடோரக் கடை ரோல் ஒன்று 200 முதல் 300 கிராம் வரை வரும். அப்புறம் ரொட்டியை விரித்து, கறித்துண்டுகளை ஒரு தட்டிலும், கோஸ், கேரட், வறுவல் இருந்தால் அவற்றை இன்னொரு தட்டிலும் பிரித்து வையுங்கள். மயோனைஸை ஒரு கரண்டியின் விளிம்பால் ரொட்டியிலிருந்தும் கறியிலிருந்தும் வழித்து ஒரு கிண்ணத்தில் எடுங்கள். இப்படி வழிக்கும்போதுதான் அது எவ்வளவு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். கடைக்காரர் குப்பூஸை, அதாவது ஷவர்மா சுற்றுகிற அந்த ரொட்டியை, விரித்ததும் கீழே ஒரு கரண்டி இழுத்து விடுவார், கறியை வைத்து மேலே இன்னொரு கரண்டி, சுற்றும் முன்னால் வாய்ப்பக்கத்தில் கொஞ்சம். இதில் பாதி கறிக்குள் ஊறிவிடும், அதனால் வழித்து எடுத்ததைப் போல இன்னொரு பங்கு உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தராசு இல்லையென்றால் கண் அளவே போதும். நிறைய அடங்கிய ஒரு டேபிள்ஸ்பூன் மயோனைஸ் 15 கிராம். உள்ளங்கை அளவு, விரல்களை விட்டுவிட்டு, வெந்த கறி சுமார் 90 கிராம். சின்ன குப்பூஸ் 60 கிராம், பெரியது 80 முதல் 100.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கோழி. ஷவர்மாவுக்கு நல்ல கடைகள் எலும்பில்லாத தொடைக்கறியைத்தான் போடும், கம்பியில் மணிக்கணக்காகச் சுழன்றாலும் வறண்டு போகாது என்பதால். தோல் நீக்கி வெந்த தொடைக்கறி 100 கிராமில் 180 முதல் 210 கலோரி, 25 கிராம் புரதம், 8 முதல் 10 கிராம் கொழுப்பு. தோலோடு என்றால் கிட்டத்தட்ட 250 கலோரி, 15 கிராம் கொழுப்பு. நெஞ்சுக்கறி என்றால் 165 கலோரி, 31 கிராம் புரதம், கொழுப்பு 4 கிராம் கூட இருக்காது. இது தவிர துத்தநாகம், செலினியம், பி வகை வைட்டமின்கள் எல்லாம் கோழியில் உண்டு. இரும்புச்சத்தை மட்டும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான்.

இங்கே நிறையப் பேர் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. கலோரிக் கணக்குப் போடும் போன் ஆப்பில் பதியும்போது பச்சைக்கறிக்கான கணக்கை எடுத்துக்கொண்டு வெந்த கறியின் எடையைப் போடுகிறார்கள். 100 கிராம் பச்சைக்கறி வெந்ததும் 70 முதல் 75 கிராமாகச் சுருங்கிவிடும், தண்ணீர் போய்விடும், ஆனால் புரதம் அப்படியே இருக்கும். அதனால் வெந்த கறியை எடை போட்டால் வெந்த கறியின் கணக்கையே எடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சாப்பிட்ட புரதம் குறைவாகக் காட்டும்.

ரொட்டி. குப்பூஸ் மைதாதான். 100 கிராமில் 275 கலோரி, 55 கிராம் மாவுச்சத்து, 9 கிராம் புரதம், கொழுப்பு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. 80 கிராம் குப்பூஸ் என்றால் ஒரு கப் சோற்றில் இருக்கும் மாவுச்சத்துக்குச் சமம், அவ்வளவுதான். ரொட்டியைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை, சர்க்கரை நோய் இருப்பவர்கள் மட்டும் இதைக் கணக்கில் வைக்க வேண்டும், நார்ச்சத்து குறைவு என்பதால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். ரூமாலி ரொட்டியும் மைதாதான், மெல்லியதாக இருப்பதால் எடை குறையும். பரோட்டாவில் சுற்றித் தருகிற கடை என்றால் எண்ணெயையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மயோனைஸ். 100 கிராமுக்கு 680 கலோரி. முக்கால் பங்கு எண்ணெய். ஒரு டேபிள்ஸ்பூன் போட்டால் ஏறக்குறைய 100 கலோரி, 11 கிராம் கொழுப்பு, புரதம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. மூன்று டேபிள்ஸ்பூன் போட்டால் 300 கலோரி, 33 கிராம் கொழுப்பு. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சமையல் எண்ணெய் 27 கிராம் என்று வைத்திருக்கிறார்கள். காலைத் தோசைக்கும் மதியக் குழம்புக்கும் ஊற்றியதை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஒரு ரோலில் இருக்கும் மயோனைஸே அந்த அளவைத் தாண்டிவிடுகிறது.

இதையெல்லாம் கூட்டினால் ஒரு சாதாரணக் கடை ரோல் இப்படி வரும்: குப்பூஸ் 80 கிராம் 220 கலோரி, தோல் கொஞ்சம் கலந்த கறி 90 கிராம் சுமார் 200, மயோனைஸ் 45 கிராம் 300, உள்ளே ஒரு கைப்பிடி வறுவல் 30 கிராம் என்றால் 95, கோஸ் கேரட் ஒரு 15. மொத்தம் 830 கலோரி. புரதம் 30 கிராம், கொழுப்பு 50 கிராமுக்குப் பக்கம், மாவுச்சத்து 60 கிராம். இதே ரோலில் மயோனைஸை ஒரு டேபிள்ஸ்பூனாகக் குறைத்து வறுவலை எடுத்துவிட்டால் 535 கலோரிக்கு வந்துவிடும். புரதமோ பெரிதாகக் குறைந்திருக்காது. நான் மேலே சொன்னது இதைத்தான்.

இந்த 30 கிராம் புரதம் சின்ன விஷயம் இல்லை. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம் புரதம் என்பது ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. ஒரே ரோலில் பாதிக்கு மேல் கிடைத்துவிடுகிறது. மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்று மாவுச்சத்தையே சாப்பிடுகிற நம் வீடுகளில் புரதம் எப்போதும் பற்றாக்குறைதான், அந்த வகையில் ஷவர்மாவை நான் மதிக்கிறேன்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊறவைத்த கறியில் உப்பு, ரொட்டியில் உப்பு, மயோனைஸில் உப்பு, ஊறுகாய் வெள்ளரி வைத்தால் அதிலும் உப்பு. எல்லாம் சேர்த்து ஒரு ரோலில் 3 கிராம் சுலபமாக வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கவே 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கலோரியை விட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஷவர்மா சாப்பிடும் நாளில் அப்பளம், ஊறுகாய், சிப்ஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

முட்டை இல்லாத மயோனைஸ் லேசானது இல்லை

தமிழ்நாட்டில் பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டார்கள். கேரளா 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024 அக்டோபர் கடைசியிலும் தடை கொண்டுவந்தன. பச்சை முட்டையில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி பற்றிய பயம்தான் காரணம், நியாயமான பயம். அதற்கப்புறம் பல கடைகளில் "எக்லெஸ் மயோ" என்று போர்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாதுகாப்புக்கு இது நல்லது. ஆனால் முட்டை இல்லை, அதனால் கொழுப்பு இல்லை என்று நினைத்துக்கொண்டு இரண்டு கப் கேட்டு வாங்குகிறார்களே, அங்கேதான் தப்பு நடக்கிறது. மயோனைஸில் கலோரி வருவது முட்டையிலிருந்து இல்லை, எண்ணெயிலிருந்து. முட்டைக்குப் பதில் பாலை ஊற்றி அடித்தாலும் கெட்டியாக வர அதே அளவு எண்ணெய் ஊற்றித்தான் ஆக வேண்டும். பாக்கெட்டில் வரும் சில வகைகளில் எண்ணெய் குறைவாக இருக்கும், பின்பக்கம் 100 கிராமுக்குக் கொழுப்பு எவ்வளவு என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

லெபனானில் சிக்கன் ஷவர்மாவுக்கு மயோனைஸ் வைப்பது வழக்கமில்லை, தூம் என்ற பூண்டு விழுதைத்தான் தடவுவார்கள், கூடவே ஊறுகாய் வெள்ளரி. பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு மட்டும்தான், முட்டை கிடையாது. ருசி அபாரம். ஆனால் ஒரு பங்கு பூண்டுக்கு மூன்று நான்கு பங்கு எண்ணெய் போகும், அதனால் கலோரியில் மயோனைஸுக்குச் சளைத்ததில்லை. காரம் அதிகம் என்பதால் கொஞ்சம் தடவினாலே போதும், அதுதான் அதில் இருக்கும் லாபம். மாட்டுக்கறி, ஆட்டுக்கறி ஷவர்மாவுக்கு அங்கே எள் விழுது கலந்த தாஹினி சாஸ். எள் விழுது ஒரு டேபிள்ஸ்பூனில் 90 கலோரி இருந்தாலும் இரண்டரை கிராம் புரதமும் கொஞ்சம் கால்சியமும் சேர்ந்து வருகிறது, கோழிக்கும் தாராளமாகப் போடலாம்.

கடையில் எப்படிக் கேட்பது

கூச்சப்படாமல் கேளுங்கள். "அண்ணா, மயோ தடவ வேணாம், தனியா சின்ன கப்ல குடுங்க" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கப்பில் வாங்கி ஒவ்வொரு கடிக்கும் லேசாகத் தொட்டுச் சாப்பிட்டால் ஒரு டேபிள்ஸ்பூனிலேயே முழு ரோலும் முடிந்துவிடும், ருசியும் குறையாது, ஏனென்றால் நாக்கில் படுகிற இடத்தில்தான் சாஸ் இருக்கிறது. அடுத்தது, வறுவல் வேண்டாம், அதற்குப் பதில் கோஸ், வெங்காயம், தக்காளி கூடப் போடச் சொல்லுங்கள். கோஸ் 100 கிராமே 25 கலோரிதான், வைட்டமின் சி-யும் நார்ச்சத்தும் கிடைக்கும், கடைகளில் போடுவது ஒரு சின்னப் பிடிதான்.

கம்பியில் அடுக்கும்போது கறி வறளாமல் இருக்க இடையிடையே தோலையும் கொழுப்பையும் வைப்பார்கள். அது உருகிக் கீழே தட்டில் சொட்டும். சில இடங்களில் அந்தக் கொழுப்பில் ரொட்டியை ஒற்றி எடுத்துக் கல்லில் முறுகலாக்கித் தருவார்கள். மணமாக இருக்கும், மறுக்கவில்லை, ஆனால் ஒரு டேபிள்ஸ்பூன் கோழிக்கொழுப்பு உறிஞ்சினால் இன்னொரு 115 கலோரி. வெறும் கல்லில் சூடாக்கச் சொல்லுங்கள்.

பிளேட் ஷவர்மா என்றால் ரொட்டி கம்மி, லேசானது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. தட்டைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். கறி அதிகம், சரி, ஆனால் கூடவே இரண்டு குப்பூஸ், ஒரு குவியல் வறுவல், பெரிய கப்பில் மயோனைஸ் என்று வந்தால் ஆயிரம் கலோரியைத் தாண்டிவிடும். கறி, சாலட், ஒரு குப்பூஸ் மட்டும் சாப்பிடுகிற மன உறுதி இருந்தால் பிளேட்தான் சிறந்தது, ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு என் ஓட்டு அதற்கே. இல்லையென்றால் ரோலோடு நில்லுங்கள். கூட ஒரு கோலா வாங்கினால் 300 மில்லிக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளே போகிறது, அதற்குப் பதில் சர்க்கரையும் உப்பும் சேர்க்காத லெமன் சோடா வாங்கிக்கொள்ளலாம்.

வேகாத கறிக்குச் சத்துக் கணக்கு கிடையாது

இதைச் சொல்லாமல் ஷவர்மா பற்றி எழுதக் கூடாது. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்தில் 16 வயதுப் பெண் ஒருத்தி ஷவர்மா சாப்பிட்டு இறந்தாள், ஷிகெல்லா கிருமி கண்டறியப்பட்டது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி இறந்தாள், அதே கடையில் சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் படுத்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். எத்தனை கிராம் புரதம் என்று பார்ப்பதற்கு முன் கறி வெந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கோழி உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டால்தான் பாதுகாப்பு. கம்பியில் சுழலும்போது வெளிப்பக்கம்தான் வேகும், உள்ளே பச்சையாகவே இருக்கும், அதுதான் இதன் அமைப்பு. கூட்டம் நெருக்கும்போது மாஸ்டர் ஆழமாக வெட்டிவிட்டால் வேகாத அடுக்கும் சேர்ந்து வந்துவிடும். அதனால் கூட்டம் முட்டி மோதுகிற நேரத்தில் கொஞ்சம் பொறுங்கள், வெட்டிய கறியைத் திரும்பவும் கல்லில் போட்டுப் புரட்டி எடுக்கிற கடையாகப் பார்த்து வாங்குங்கள். துண்டு ரோஸ் நிறத்தில் பளபளவென்று, இழுத்தால் ரப்பர் போல வந்தால் சாப்பிடாமல் திருப்பிக் கொடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டுப் பாதி கறியோடு கம்பி சும்மா நிற்கிற கடைப் பக்கமே போகாதீர்கள், மயோனைஸ் டப்பா வெயிலில் திறந்து கிடந்தாலும் அப்படித்தான். பார்சலை ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள், கேரள அரசின் வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. ராத்திரி வாங்கிய ரோலை ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் பிள்ளைக்குக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகள், வயதானவர்கள், சின்னக் குழந்தைகள் மயோனைஸையே தவிர்த்துவிடலாம்.

வீட்டில் 430 கலோரியில்

நான்கு ரோலுக்கு எலும்பும் தோலும் இல்லாத தொடைக்கறி அரைக் கிலோ. 100 கிராம் தயிர், ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு எலுமிச்சையின் சாறு, ஆறு பல் பூண்டு தட்டியது, சீரகத்தூள், மல்லித்தூள், மிளகுத்தூள் ஒவ்வொரு டீஸ்பூன், காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், பட்டை ஏலக்காய் பொடி ஒரு சிட்டிகை, உப்பு ஒரு டீஸ்பூன். கறியைத் துண்டு போடாமல், தடியான இடத்தில் கத்தியால் கீறி விரித்து, தட்டையாக மசாலாவில் ஊறவிடுங்கள். ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க.

இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டு, ஒன்றின் மேல் ஒன்று படாமல் கறியைப் பரப்புங்கள். நெருக்கமாகப் போட்டால் தண்ணீர் விட்டு வெந்துவிடும், அந்தக் கருகல் மணம் வராது, ஷவர்மாவின் ருசியே அந்த மணத்தில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் பழுப்பாகி ஓரம் லேசாகக் கருகியதும் திருப்புங்கள். உள்ளே முழுக்க வெந்ததும் எடுத்து ஐந்து நிமிடம் வைத்து, மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, திரும்பவும் கல்லில் ஒரு புரட்டு. பச்சைக்கறி வைத்த பலகையை சோப்புப் போட்டுக் கழுவாமல் அதிலேயே வெந்த கறியை நறுக்காதீர்கள்.

சாஸுக்குக் கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்ததும் 150 கிராம் எடுத்து, துருவிய பூண்டு ஒரு பல், எலுமிச்சைச் சாறு கொஞ்சம், வறுத்து அரைத்த வெள்ளை எள் விழுது இரண்டு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு போட்டு அடியுங்கள். ஒரு ரோலுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் தாராளமாகத் தடவினாலும் 50 கலோரிக்குள்தான். மயோனைஸ் போல வழுவழுப்பு வராது, உண்மைதான், ஆனால் புளிப்பும் பூண்டும் கறியோடு சேரும்போது எனக்கு இதுதான் பிடிக்கிறது.

கணக்கு: கறியும் மசாலாவும் ஒரு ரோலுக்கு 200 கலோரி, 60 கிராம் குப்பூஸ் 165, சாஸ் 45, காய் 20. மொத்தம் 430, புரதம் 30 கிராமுக்கு மேல். கடை ரோலில் கிடைத்த அதே புரதம், கலோரி பாதி. குப்பூஸுக்குப் பதில் கோதுமைச் சப்பாத்தி ஒன்று பெரிதாகப் போட்டுச் சுற்றினால் நார்ச்சத்தும் சேரும். கோஸை மட்டும் முன்கூட்டியே உப்புப் போட்டுப் பிசைந்து வைக்காதீர்கள், தண்ணீர் விட்டு ரொட்டி நமத்துப் போய்விடும், சுற்றும் நேரத்தில் நறுக்கிப் போடுங்கள். மசாலாவில் ஊறிய கறி மிச்சமானால் ஒரு ரோலுக்கு வேண்டிய அளவு தனித்தனிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம், வேண்டிய அன்று காலையில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்தால் சாயங்காலம் கல்லில் போடத் தயாராக இருக்கும்.